தோட்டத்து வீடுகளின் சீன மகள்கள்

ஈப்போ புந்தோங் பக்கம் போனாலும் சரி, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் என்று பேராவின் எந்தச் சிறு பட்டணத்துக்குப் போனாலும் சரி, அறுபது எழுபது வயதில் இப்படி ஓர் அம்மாவைப் பார்க்கலாம். முகம் சீன முகம். உடுத்தியிருப்பது சேலை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. மாரியம்மன் திருவிழாவில் கூழ் ஊற்றும் இடத்தில் முன்னால் நிற்பார். வாயைத் திறந்தால் அசல் தோட்டத்துத் தமிழ். புதிதாக வந்தவர்கள்தாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள், "அது நம்ம தண்டல் வீட்டு மக" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைக் கவனிப்பார்கள்.

மலேசியத் தமிழர் வீடுகளில் ஒரு சீன அத்தையோ, சீனப் பெரியம்மாவோ, சீனப் பாட்டியோ இருப்பது அபூர்வமான செய்தி அல்ல. பிறந்து சில நாள்களே ஆன பெண் குழந்தைகளைச் சீனக் குடும்பங்கள் கொடுத்தன. தமிழ்க் குடும்பங்கள் வாங்கி, பெயர் வைத்து, காது குத்தி, தம் பிள்ளையாக வளர்த்தன. ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பே தொடங்கிய இந்த வழக்கம் சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. பக்கத்து நாடான சிங்கப்பூரிலும் இதே கதைதான். அங்கே இப்படிக் கொடுக்கப்பட்ட பெண்களின் வாழ்க்கையைத் தெரசா தேவசகாயம் 'லிட்டில் டிராப்ஸ்' என்ற நூலாகவே எழுதியிருக்கிறார்.

வளர்த்தவர்களின் பாசத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசவும் வேண்டும். இனத்தை வைத்து அரசியல் நடக்கும் ஒரு நாட்டில், படிப்பறிவில்லாத பால்மரத் தொழிலாளி ஒருவர் வேற்று இனப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தார் என்பது சாதாரண விஷயமா? ஆனால் பாசத்தோடு கொடுத்திருக்க வேண்டிய இன்னொன்று பல வீடுகளில் கொடுக்கப்படவே இல்லை. அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தாள், யார் பெற்றாள், எந்த நாளில் பிறந்தாள் என்ற விவரம்தான் அது. விவரம் தெரிந்த பெரியவர்கள் இப்போது ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

ஏன் கொடுத்தார்கள்?

'பெண் பிள்ளை வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பது சுலபம். கிந்தா பள்ளத்தாக்கின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அப்படிச் சொல்ல மனம் வராது.

ஈப்போவைச் சுற்றி ஈயம். அதற்கு அப்பால் ரப்பர். இரண்டின் விலையும் உலகச் சந்தையின் கையில். 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் இரண்டும் ஒன்றாக விழுந்தன. லம்பங்களில் வேலை போனது, தோட்டங்களில் கூலி குறைந்தது. டூலாங் தட்டைத் தண்ணீரில் சுழற்றி ஈய மணலைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் சீனப் பெண்களே செய்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள்.

அடுத்து 1941 டிசம்பர் முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. சீன ஆண்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். நம் தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயிலுக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் தனியாகப் பிள்ளைகளோடு மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த காலம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள், 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 3 ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரங்களில் குடியிருந்த சுமார் 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். ஊரடங்கு, அரிசி அளந்து கொடுத்தல், வேலி வாசலில் சோதனை. ஏழாவது எட்டாவது பிள்ளை பிறக்கும்போது அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம்பிக்கைகளும் சேர்ந்துகொண்டன. சீன நாள்காட்டியில் 1938, 1950, 1962 ஆகியவை புலி ஆண்டுகள். புலி ஆண்டில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. குழந்தையின் சாதகம் தகப்பனுக்கோ அண்ணனுக்கோ ஒத்துவராது என்று குறிகாரர் சொல்லிவிட்டால், வேற்று இனத்தாரிடம் கொடுத்துவிட்டால் தோஷம் விலகும் என்று நம்பியவர்களும் உண்டு. மூல நட்சத்திரம், செவ்வாய் தோஷம் என்று பேசும் நமக்கு இது புரியாத சங்கதி அல்ல.

கொடுக்கப்பட்ட சீனப் பெண் பிள்ளைகளுக்கு வேறு விதிகளும் காத்திருந்தன. வசதியான வீடுகளுக்குச் சிறுமிகளை வேலைக்காரிகளாக ஒப்படைக்கும் 'மூய் சாய்' வழக்கம் அப்போது இருந்தது. 1930களில் பிரிட்டிஷ் அரசாங்கம் அதற்கு எதிராகச் சட்டம் போட்டு, 1936இல் விசாரணைக் குழுவும் அமைத்தது. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், 'தமிழன் வீட்டுக்குப் போனால் மகளாக வளருவாள்' என்று ஒரு தாய் முடிவெடுத்ததில் பாசமும் இருந்திருக்கிறது.

ஏன் எடுத்தார்கள்?

தோட்டத்தில் பிள்ளை பிறப்பதும் பிறந்த பிள்ளை தங்குவதும் வேறு வேறு. மலேரியா, வயிற்றுப்போக்கு, தாயின் இரத்தச்சோகை என்று எத்தனையோ காரணங்களால் தொட்டில் காலியானது. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போகும் பெண், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு, 'ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் அடுத்தது தங்கும்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெண் பிள்ளை மகாலட்சுமி, அதுவும் சிவந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

இடையில் நின்றவர்கள் சாதாரண மனிதர்கள். லயத்துக்கு சைக்கிளில் காய்கறி கொண்டு வரும் சீனர், கடனுக்கு மளிகை கொடுக்கும் தவுக்கே, இரண்டு பக்கமும் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. சிவப்பு உறையில் கொஞ்சம் பணம் கைமாறும். பெற்றவளுக்குப் பத்தியச் செலவு என்று அதற்குப் பெயர். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. 'இனிமேல் பார்க்க வராதே' என்ற ஒரு வாய்ச்சொல்தான் ஒப்பந்தம்.

எல்லாம் தேன் வடியும் கதைகள் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு வேலைக்கென்றே எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் இருந்தார்கள். பள்ளியில் 'சப்பை மூக்கு' என்று கேலி கேட்டு அழுதவர்கள் இருந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது 'சாதி என்ன?' என்ற கேள்வியில் தடுமாறிய சம்பந்தங்களும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அவர்கள் மகள்கள்தாம். அதே சமயம், அந்த மகள்களின் முதல் சில நாள்கள் ஒரு மூடிய பெட்டி.

என் பெரிய அத்தை

அந்தப் பெட்டி எங்கள் குடும்பத்திலும் இருக்கிறது. என் அப்பாவின் அக்கா 1950இல் பிறந்தவர். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தாத்தா பால்மரம் வெட்டினார். பாட்டிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக வீட்டுக்கு வந்தவர் பெரிய அத்தை. அவருக்குப் பின்னால்தான் அப்பாவும் சித்தப்பாக்களும் பிறந்தார்கள். "என் காலடி பட்டுத்தான் உங்கப்பன் வந்தான், ஞாபகம் வச்சுக்க" என்று இன்றும் அதட்டுவார்.

அத்தையின் அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதி, தோட்டத்துக் கிராணி பெயர் பதிந்த நாள். உண்மையான தேதி யாருக்கும் தெரியாது. ஈப்போ சந்தையில் மீன்காரர் அவரிடம் கந்தோனீஸில் விலை சொல்வார். அத்தை மலாயில் பேரம் பேசுவார். அது படியாவிட்டால் தமிழில் திட்டுவார். கல்லுமலை முருகன் கோவிலுக்குத் தைப்பூசத்தில் பல வருஷம் பால்குடம் எடுத்தவர். "பார்த்தா சீனத்தி, பேசினா தமிழச்சி. கடவுளுக்கே குழப்பம் வந்திருக்கும்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது சீனப் புத்தாண்டு சமயத்தில் ஓர் அம்மா ஆரஞ்சுப் பழத்தோடு லயத்து வாசலில் வந்து நின்றாராம். பாட்டி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து முறுக்கு கொடுத்தாராம். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷமும் வந்தார். அதற்கடுத்த வருஷம் தாத்தா கோலகங்சார் பக்கம் வேறு தோட்டத்துக்குக் குடும்பத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார். பிள்ளையைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்று பின்னாளில் பாட்டி சொன்னார். படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதத்தில் இன்னொன்றும் சொன்னார்: "உன்னைப் பெத்தவ டூலாங் கழுவுறவ. கை முழுக்க வெடிப்பு." அத்தைக்குக் கிடைத்த தாய்வழி வரலாறு அந்த இரண்டு வாக்கியங்கள்.

"தேடணும்னு தோணலையா அத்தை?" என்று கேட்டேன். "எனக்கு அம்மா இருந்தா, அப்பா இருந்தார். தேடி என்ன பண்ணப் போறேன்? பேர் மட்டும் தெரிஞ்சா போதும். திதி கொடுக்கலாம்ல" என்றார்.

கொரியாவில் காகிதம் இருந்தது

நம் வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் கொரிய நாடகம் பார்க்கிறார்கள். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து பெற்றவளைத் தேடும் கதையைப் பார்த்து அழுகிறார்கள். அது கதாசிரியரின் கற்பனை மட்டும் அல்ல, அந்த நாட்டின் ஆறாத காயம்.

1950இல் தொடங்கி 1953இல் ஓய்ந்த கொரியப் போருக்குப் பிறகு, தென்கொரியாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 2 இலட்சம். 1955இல் ஹாரி ஹோல்ட் என்ற அமெரிக்க விவசாயியும் அவர் மனைவியும் ஒரே நேரத்தில் 8 குழந்தைகளை எடுத்துக்கொண்டது உலகச் செய்தியானது. போர் அநாதைகளுக்காக ஆரம்பித்தது, போர் முடிந்து முப்பது ஆண்டுகள் ஆன பின்னும் நிற்கவில்லை. நாடு வளர்ந்து பணம் பெருகிய 1980களின் நடுவில்தான் எண்ணிக்கை உச்சத்துக்குப் போனது. 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது 'கார் ஏற்றுமதி செய்யும் நாடு குழந்தையையும் ஏற்றுமதி செய்கிறது' என்ற பொருளில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுத, கொரியர்கள் கூசிப் போனார்கள்.

நம் தோட்டங்களில் நடந்ததற்கு நேர்மாறாக, அங்கே எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. முத்திரை, எண், புகைப்படம் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அவற்றில் பல பொய்க் காகிதங்கள். கொரியாவில் அப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்பப் பதிவேடு இருந்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தைக்கும் அது மட்டுமே உறுப்பினராக உள்ள தனிப் பதிவேடு திறந்து 'அநாதை' என்று காட்டினால் வெளிநாட்டுக்கு அனுப்புவது சுலபம். பல குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரு குழந்தையின் கோப்பில் வேறொரு குழந்தையை அனுப்பிய சம்பவங்களும் வெளிவந்தன. வளர்ந்து, கோப்பைத் தேடிக்கொண்டு அமெரிக்காவிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் சியோலுக்குப் பறந்து வந்தவர்கள், அந்தக் கோப்பில் இருப்பது தாம் அல்ல என்று தெரிந்துகொண்டார்கள்.

தத்துப் பிள்ளைகள் விடவில்லை. 367 பேர் புகார் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம், முறையான கண்காணிப்பு இல்லாமல் பிள்ளைகளை அனுப்பியதில் அரசாங்கத்துக்குப் பொறுப்பு உண்டு என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார்.

நம்மவர்களுக்கும் இந்த வலி அந்நியம் அல்ல. இலங்கையிலிருந்து 1980களிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். தாயென்று கையெழுத்துப் போட்ட பெண் உண்மையில் தாயே அல்ல, நடிக்க வைக்கப்பட்டவள் என்பது 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி மூலம் வெளியே வந்தது.

138 நாள் ஒளிபரப்பு

ஒலிபரப்புத் தொழிலில் இருப்பதால், சியோல் போனபோது எல்லாரும் போகும் அரண்மனையை விட்டுவிட்டு நான் முதலில் போனது யொய்டோ தீவில் உள்ள கேபிஎஸ் நிலையத்தின் வாசலுக்கு. காரணம் 1983.

அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நேரடி நிகழ்ச்சி ஒன்றைக் கேபிஎஸ் தொலைக்காட்சி தொடங்கியது. சிறிது நேரத்தில் முடிய வேண்டியது. கூட்டம் குவிந்ததால் நிறுத்த முடியவில்லை. 138 நாள், மொத்தம் 453 மணி 45 நிமிடம் ஓடியது. நிலையத்தின் சுவர்களிலும் வெளித் திடலிலும் கைப்பட எழுதிய அட்டைகள்: பெயர், சொந்த ஊர், பிரிந்த இடம், உடம்பில் உள்ள தழும்பு. 10,189 குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. அந்தப் பதிவுகளை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த நிகழ்ச்சியில் தேடியவர்கள் தத்துப் பிள்ளைகள் அல்லர். போர் பிரித்த உறவுகள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அவர்களைச் சேர்த்து வைத்தவை பெரிய ஆதாரங்கள் அல்ல. 'அண்ணன் நெற்றியில் தீக்காயம்', 'வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரம்' போன்ற துண்டுத் தகவல்கள். அற்பமாகத் தெரியும் துண்டு ஒன்றை யாரோ நினைவு வைத்திருந்தார்கள், யாரோ உரக்கச் சொன்னார்கள். என் அத்தையின் 'டூலாங் கழுவுறவ, கை முழுக்க வெடிப்பு' அப்படிப்பட்ட ஒரு துண்டுதான்.

கொரியாவில் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 'மியொக்குக்' என்ற கடற்பாசிச் சூப் கொடுப்பார்கள். நம் பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு மாதிரி. அதே சூப்பை அந்தப் பிள்ளை தன் பிறந்தநாள்தோறும் குடிக்கும். பெற்ற நாளில் அம்மா என்ன சாப்பிட்டாளோ, அதையே சாப்பிட்டு அவளை நினைப்பதாக அர்த்தம். குழந்தையின் முதல் பிறந்தநாளில் நூல், பணம், புத்தகம், தூரிகை எல்லாம் முன்னால் பரப்பி எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். நம் சீன நண்பர்கள் குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் சிவப்பு முட்டை கொடுக்கிறார்கள். நாம் தொட்டில் போட்டுப் பெயர் சூட்டுகிறோம். கொரியப் பிள்ளை அம்மாவை 'ஒம்மா' என்கிறது, அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறது. எந்த ஊராக இருந்தாலும் வந்த நாளைக் கொண்டாடாத இனம் இல்லை. தான் எந்த நாளில் வந்தோம் என்று தெரியாத பிள்ளைக்கு அந்தச் சூப்பும் இல்லை, முட்டையும் இல்லை.

மருத்துவமனையில் ஒரு கேள்வி

'பழசைக் கிளறி என்ன ஆகப் போகிறது?' என்று கேட்பவர்களுக்கு ஒரு நடைமுறைப் பதில் உண்டு. எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் டாக்டர் கேட்கும் கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, இருதய நோய், புற்றுநோய் உண்டா? என் பெரிய அத்தை ஒரு தடவை சொன்ன பதில்: "டாக்டர், எங்க வீட்ல எல்லாருக்கும் சர்க்கரை. ஆனா அது என் கணக்குல வராது." டாக்டர் சிரித்தார். விஷயம் சிரிப்புக்குரியது அல்ல.

மூக்குக்குப் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் தென்சீன வம்சாவளியினரிடம், குறிப்பாகக் கந்தோனீஸ்காரர்களிடம், மற்றவர்களைவிட அதிகம். நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் கவனம் கூடுதலாகத் தேவை. தலசீமியா மரபணுவும் மலேசியச் சீனர்கள், மலாய்க்காரர்கள் மத்தியில் பரவலாக உண்டு. இதற்காகவே 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே பரிசோதனை நடத்துகிறார்கள். 'பாட்டி சீன வம்சம்' என்ற ஒரே தகவல் பேரப்பிள்ளையின் மருத்துவக் கோப்பில் இருந்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. ஆக, இந்த விவரம் பாட்டிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அவர் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்தது சட்டம். தத்தெடுப்புக்கு நம் நாட்டில் 1952ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, முஸ்லிம் அல்லாதவர்கள் நீதிமன்றம் மூலம் செய்வது. அதன்படி எடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்கு உள்ள சொத்துரிமை உண்டு. மற்றது, குறைந்தது 2 ஆண்டு வளர்த்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தேசியப் பதிவிலாகாவில் பதிவது. அதில் வளர்க்கும் உரிமை கிடைக்கும், ஆனால் வாரிசுரிமை தானாக வராது. உயில் எழுதி வைப்பது அவசியம். இரண்டிலுமே, தத்தெடுத்தவர் மலேசியர் என்பதால் மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமை ஒட்டிக்கொள்வதில்லை. பெற்றவர் யாரென்றே தெரியாத நிலையில் கைவிடப்பட்டு, பிறகு தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை மலேசியக் குடிமகன்தான் என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிள்ளைக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். 'வாய்ச்சொல் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இன்றும் குழந்தையை வாங்கிக்கொள்பவர்கள், அந்தப் பிள்ளை 12 வயதில் அடையாள அட்டைக்கு நிற்கும்போதுதான் விழிக்கிறார்கள்.

இன்று செய்யக்கூடியது

ஒரு மாலை நிகழ்ச்சியில் நேயர்களிடம், 'உங்கள் வீட்டில் சீன அத்தை, சீனப் பாட்டி உண்டா?' என்று கேட்டோம். அழைப்புகள் நிற்கவில்லை. சித்தியவானிலிருந்து பேசிய ஒருவர், தம் அம்மா சீனர் என்பதே அவர் இறந்த பிறகு பழைய பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்றார். தெலுக் இந்தானிலிருந்து ஒரு பெண், தான் தத்துப் பிள்ளை என்பதைத் தன் கல்யாண வீட்டில், மூன்றாம் மனிதர் வாயால் கேட்டதாகச் சொன்னார். "சொன்னது வலிக்கல. கடைசியா எனக்குத்தான் தெரிஞ்சுதுங்கறதுதான் வலிச்சுது" என்றார்.

அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதையும் என் குடும்பத்தில் செய்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிடுங்கள். விவரம் தெரியாத வயதில் தாலாட்டு மாதிரிச் சொன்னால் அது கதையாகப் பதியும். இருபது வயதில் சொன்னால் இடியாக விழும். 'உன்னை யாரோ வேண்டாம் என்றார்கள்' என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். 'அவர்களால் முடியாத காலம், எங்களுக்கு நீ வேண்டும் என்று இருந்த காலம்' என்றால் போதும். அதுதான் உண்மையும்கூட.

பழைய பிறப்புப் பத்திரம், தோட்டத்துப் பதிவு, பள்ளிச் சேர்ப்புச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ பெயர், ஊர், வருஷம் அங்கேதான் இருக்கும். பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கிராணியின் அலுவலகமும் இல்லை, ஆயாக்கொட்டகையும் இல்லை. தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், பக்கத்துச் சீனக் கம்பம் எது என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

மரபணுப் பரிசோதனையைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். 2020 முதல் கொரிய அரசாங்கம் 14 நாடுகளில் உள்ள தன் தூதரகங்களிலேயே தத்துப் பிள்ளைகளின் மரபணு மாதிரியை எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால் தனியார் நிறுவனங்களை நாட வேண்டியிருக்கிறது. செய்வதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட பாட்டியிடமோ அத்தையிடமோ மனதாரச் சம்மதம் கேளுங்கள். தேட வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை. அந்தப் பக்கத்திலும் ஒரு குடும்பம், ஒரு ரகசியம் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விடச் சுலபமானது குரல் பதிவு. பெரியவர்களை 'வரலாறு சொல்லுங்கள்' என்று கேட்டால் 'என்னத்தைச் சொல்றது' என்று ஒதுங்குவார்கள். 'அவங்களை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னைக்கு மழையா வெயிலா? யார் தூக்கிட்டு வந்தது? எதுல சுத்தியிருந்தது? முதல்ல என்ன பால் கொடுத்தீங்க?' என்று கேளுங்கள். வாய் திறந்தால் நிற்காது. குறுக்கே பேசாமல், விசிறியை நிறுத்திவிட்டு, தொலைபேசியைப் பக்கத்தில் வையுங்கள். பேச்சு முடிந்ததும் தேதியோடு பெயரிட்டு இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒருவர் கைபேசி தொலைந்தாலும் கதை தொலையாது.

வளர்த்தவர்கள் பயந்தது ஒரு காலம். சொல்லிவிட்டால் பிள்ளை போய்விடுமோ என்ற பயம் அது. இந்தப் பெண்கள் எங்கும் போய்விடவில்லை. வளர்த்தவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர்களில், கொள்ளிச்சட்டிக்குப் பின்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவர்களில், அவர்களும் இருக்கிறார்கள். இனி அவர்களிடமிருந்து மறைப்பதற்கு நமக்கு ஒரு காரணமும் மிச்சம் இல்லை. அடுத்த முறை பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது, சாப்பாடு முடிந்ததும் முதல் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.